ஸ்பிரிங் சைக்கிளில் பூவத்துக்கு

சனிக்கிழமைகளில் பேரளத்தில் காரைக்கால் ரயில் ஏறுகிறவர்கள் உட்கார இடம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. எண்பத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரி மாதம் நான் அப்படி நம்பித்தான் ஏறினேன். முதல் நாள் மாலையே திருச்சியிலிருந்து மாயவரம் வந்து சித்தி வீட்டில் தங்கி, காலை வண்டியில் பேரளம் வந்து மாறினேன். நாலு பெட்டிகள் கொண்ட சின்ன வண்டி. பெட்டிகள் நிறைய நல்லெண்ணெய் வாசனை. எல்லோரும் திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்கப் போகிறவர்கள். கதவோரம் ஒரு பித்தளைத் தூக்குக்கும் ஓர் அம்மாளுக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பரிவோடு கேட்டார். "உங்களுக்கு ஏழரையா, அஷ்டமமா?"

"ரெண்டும் இல்லீங்க. காரைக்கால்ல ஒரு சைக்கிளைப் பாக்கப் போறேன்."

"சைக்கிளா? உங்க ஊர்ல இல்லாத சைக்கிளா?"

"இது பிரான்ஸ்லேருந்து வந்ததுங்க. முன்னால ஸ்பிரிங் வெச்சது."

"எதுக்கும் நள்ளாத்துல இறங்கி ஒரு எள் தீபம் போட்டுட்டுப் போங்க" என்றார்.

திருநள்ளாறு வந்ததும் வண்டியே காலியாகிவிட்டது. பெட்டியில் நானும், ஒரு மூட்டை வெற்றிலையோடு ஒருவரும்தான் மிச்சம். இருபுறமும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலில் கொக்குகள். அறுக்காத வயலில் ஆட்கள். ஐந்து கிலோமீட்டர் கழித்துக் காரைக்கால் வந்தது. நிலையத்துக்கு வெளியே சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்த்ததும்தான், தமிழ்நாட்டைத் தாண்டிப் புதுச்சேரி மாநிலத்துக்குள் வந்துவிட்டோம் என்று உறைத்தது. மாதா கோயில் பக்கம் போக ரிக்‌ஷாவுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தேன்.

என்னை வரவழைத்தவள் தெரேஸ். திருச்சியில் ஒரே ஹாஸ்டலில், ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. குடும்பத்தார் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அண்ணன் பிரான்சில், தூலோன் நகரத்தில் வேலையில் இருக்கிறான். இவளையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இவளோ போகாமல், காரைக்காலுக்கு வடக்கே பூவம் என்ற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். பள்ளியில் இரண்டே பேர்: தலைமையாசிரியர் ஒருவர், இவள் ஒருத்தி.

இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில், பள்ளிக்குப் போகிற வாய்க்கால் கரையில் சைக்கிளோடு விழுந்து இரண்டு மணிக்கட்டையும் முறித்துக்கொண்டாள். இடது கை சரியாகிவிட்டது. வலது கை கொஞ்சம் கோணலாகவே கூடியது. அதற்கப்புறம் சைக்கிள் ஓட்டினால் கரைமேட்டின் ஒவ்வொரு பள்ளமும் அந்த மணிக்கட்டில்தான் இறங்கும். மத்தியானத்துக்குள் சாக்பீஸ் பிடிக்க முடியாது. ஆகவே பஸ். காலை பஸ்ஸில் கூட்டம் என்றால் பூவத்தில் நிற்காமல் போய்விடும். நின்றாலும், இறங்கி வாய்க்கால் கரையில் இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இவள் போய்ச் சேரும்வரை ஐந்து வகுப்பையும் தலைமையாசிரியர் ஒருவரே மேய்க்க வேண்டியிருந்தது.

இதைக் கேள்விப்பட்ட அண்ணன் பொங்கலுக்கு வந்தபோது விமானத்தில் ஒரு சைக்கிள் கொண்டுவந்திருந்தான். அங்கே பையன்கள் மேடு பள்ளத்தில் ஏற்றிக் குதிக்கிற ரகம். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் குழாய்க்குள் குழாயாக, உள்ளே ஸ்பிரிங்கோடு இருக்கும். சின்னச் சக்கரம், பட்டையான டயர், தாழ்வான நடுக்கம்பி. தங்கச்சியின் கை பிழைத்தது என்று அவன் நிம்மதியாகத் திரும்பிவிட்டான். கை பிழைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு டிரங்க் கால் போட்டு தெரேஸ் சொன்னது இவ்வளவுதான்: "வசந்தா, ஒருதரம் வந்துட்டுப் போடி. ஒரு முடிவு எடுக்கணும்."

நான் போனபோது அவள் அம்மா கூடத்தில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, வா. அந்தப் பிசிக்லெத்தை வித்துடச் சொல்லு இவள்ட்ட. கூடத்தையே அடைச்சிக்கிட்டு நிக்கிது" என்றார்.

சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. நீல நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"என்னடி முடிவு?" என்றேன்.

"டவுன் ஸ்கூல்ல ஒரு இடம் காலி ஆயிருக்கு. வீட்டுலேருந்து அஞ்சு நிமிஷ நடை. எனக்காகப் பெரிய சார்தான் ஆபீஸ்ல பேசி வெச்சிருக்காரு. திங்கக்கிழமை சரின்னு சொல்லணும்."

"நல்லதுதானே?"

"எல்லாரும் அதான் சொல்றாங்க." அவள் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "டவுன் ஸ்கூல்ல நான் பதினஞ்சு டீச்சர்ல ஒரு டீச்சர். அங்க நான்தான்டி டீச்சர்."

பெரிய சார் என்று அவள் சொன்னது அந்தத் தலைமையாசிரியரை.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் சைக்கிளை வெளியே எடுத்தோம். அரசலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், மழையில் தார் பெயர்ந்த ஒரு தெரு இருந்தது. தெரேஸ் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். முதல் பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறியது, நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது கொஞ்சம் ஆழம். கவை முழுக்க அமுங்கி, 'டங்' என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. அவள் இறங்கி நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"இதான். சின்னப் பள்ளத்துக்கெல்லாம் மெத்தை மாதிரி இருக்கு. பெருசு வந்தா அடியில போய் இடிக்கிது. சாதா சைக்கிளே தேவலை. அதுலயாச்சும் அடி வரப்போவுதுன்னு முன்னாடியே தெரியும்."

நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கும் பரிசோதனையை வருஷா வருஷம் மாணவிகளுக்கு எடுத்து வைக்கிறவள். அந்தப் பெருமையில், "ஸ்பிரிங் பத்தலை. கெட்டியா ஒண்ணு போடணும்" என்றேன்.

"கெட்டியாப் போட்டா சின்னப் பள்ளமும் கையில இடிக்காதா?"

திறந்து பார்ப்பது என்று தீர்மானித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை தெரேஸ் பூசைக்குப் போய்வந்த பிறகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தருமபுரம் போகும் வழியில் இருந்த யூசுப் நானாவின் சைக்கிள் கடைக்குப் போனோம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அண்ணன் என்பதற்கு முஸ்லிம் வீடுகளில் நானா என்பார்கள்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கவையை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், பஞ்சர் ஒட்டுவேன், கோட்டம் எடுப்பேன், பால்ஸ் மாத்துவேன். இதைத் தொறந்ததில்லே. தொறந்து ஏதாச்சும் ஆயிட்டா பார்ட்ஸுக்கு எங்க போறது? கப்பல்லதான் போவணும்."

"ஒடைஞ்சா நான் டவுன் ஸ்கூலுக்குப் போறேன், நானா. ஒடையாட்டியும் இப்படியே இருந்தா அங்கதான் போறேன்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப ஒடச்சே பாத்துடலாம்."

முன் சக்கரத்தைக் கழற்றினார். கவையின் இரண்டு கால்களின் தலையிலும் பெரிய மூடித் திருகு. வலது காலில் அதைத் திருப்பியதும் கடைசிப் புரியில் டப்பென்று எகிறியது. உள்ளேயிருந்து கிரீஸ் தோய்ந்த நீள ஸ்பிரிங் வந்தது. அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றியதும், ஸ்பிரிங்குக்குக் கீழேயிருந்த ஒரு கம்பியும் மேல்வழியாக வந்தது. கம்பியின் உச்சியில் ஆணித் தலைபோலத் தட்டையான ஒரு தலை. அந்தத் தலைக்குக் கீழே, கம்பியில் கோர்த்தபடி, கட்டை விரல் நீளத்தில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று. எல்லாவற்றையும் கோணிச் சாக்கில் வரிசையாக வைத்தோம்.

ஸ்பிரிங் எதற்கு என்று தெரிகிறது. கம்பி எதற்கு என்றும் தெரிகிறது. கவை இரண்டாகக் கழன்று வந்துவிடாமல் பிடித்துக்கொள்ள. அந்தக் குழாய்த் துண்டு எதற்கு?

தெரேஸ் கம்பியைக் கவைக்குள் விட்டு, மேல் குழாயை இழுத்து இழுத்துப் பார்த்தாள். துண்டோடு ஒருமுறை, துண்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வசந்தா, இங்க பாரு. இந்தத் துண்டு இருக்கறவரைக்கும் கவை மேல எழும்பறதுக்கு முன்னாடியே கம்பியோட தலை இதுல முட்டி நின்னுபோவுது. துண்டு இல்லேன்னா இன்னும் இவ்வளவு எழும்புது." அவள் விரலைக் கிடையாக வைத்துக் காட்டினாள். "எழும்பினாத்தானே அமுங்க முடியும்? குட்டைப் பசங்களுக்கு உயரம் கம்மியா இருக்கட்டும்னு போட்டிருப்பாங்க. என் கைக்கு வேண்டிய எடத்தை இது அடைச்சிக்கிட்டிருக்கு!"

கவை அமுங்கி எழும்புகிற தூரத்துக்கு, கூடுதலாக ஒன்றரை அங்குலம் உள்ளேயே இருந்திருக்கிறது. புது ஸ்பிரிங் எதுவும் வேண்டாம். நாங்கள் மூவரும் அந்த வெள்ளைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு காலிலும் துண்டை எடுத்துவிட்டு, திரும்பப் பூட்டினோம். சைக்கிளின் முன்பக்கம் உயர்ந்து நின்றது. தெரேஸ் கடைக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் கவை சொய்யென்று பழைய உயரத்துக்கே இறங்கிவிட்டது. எதிரே சாக்கடைப் பாலத்தின் மேட்டில் ஏற்றி இறக்கினாள். 'டங்.'

யூசுப் நானா தலையில் கை வைத்துக்கொண்டார். தெரேஸ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். 'நாளைக்குச் சரின்னு சொல்லிடறேன்' என்ற வார்த்தை அவள் வாயில் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

நான் மூடித் திருகை மறுபடி திறக்கச் சொன்னேன். இந்தமுறை அது எகிறவில்லை. தொளதொளவென்று கழன்று வந்தது. ஸ்பிரிங் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு என் ஆய்வகம் உதவியது. ஸ்பிரிங் எவ்வளவு தாங்கும் என்பது அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பு மூடியை மூடும்போதே அது கொஞ்சம் அமுங்கி, இறுகி நின்றது. இப்போது கீழே ஒன்றரை அங்குலம் இடம் கொடுத்துவிட்டோம். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது.

"துண்டைத் தூக்கிப் போடக் கூடாது, தெரேஸ். எடத்தை மாத்தணும். தலைக்குக் கீழ இருந்ததை எடுத்து ஸ்பிரிங்குக்கு மேல வை. மூடி அதை அமுக்கும், அது ஸ்பிரிங்கை அமுக்கும்."

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். யூசுப் நானா துண்டுகளைச் சாக்கிலிருந்து எடுத்து வேட்டி முனையால் துடைத்தார். ஸ்பிரிங்கின் தலையில் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியை அழுத்திப் பிடித்துத் திருகும்போது பழையபடி எதிர்த்துத் தள்ளியது. "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கடைசிப் புரியை இறுக்கினார்.

வேலை அதோடு முடியவில்லை. முன்பக்கம் உயர்ந்ததால் முன் பிரேக் வயர் எட்டாமல் விறைத்து, கட்டை ரிம்மைப் பிடித்துக்கொண்டது. நீள வயராகப் பார்த்து நானா மாற்றினார். ஹேண்டில்பாரும் மார்பு உயரத்துக்கு வந்திருந்தது. அதன் தண்டை ஒன்றரை அங்குலம் உள்ளே இறக்கினோம். பிறகு நானா சைக்கிளை முன்பக்கமாகத் தூக்கிப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினார். "எங்கயாவது கழண்டு வந்துட்டா ரோட்ல வேணாம், இங்கயே வரட்டும்" என்றார். எதுவும் வரவில்லை. வயருக்கு மட்டும் நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு வாடகை சைக்கிளும் கொடுத்தார்.

நேராகக் கடற்கரைக்குப் போனோம். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அரசலாற்றின் ஓரமாகவே சாலை போகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் சேரவில்லை. தெரேஸ் எனக்கு முன்னால் போனாள். ஒரு பள்ளத்தைக்கூட ஒதுக்கவில்லை. தேடித் தேடி இறக்கினாள். முன் சக்கரம் விழுந்து எழுந்துகொண்டிருந்தது, அவள் தோள் மட்டும் ஆடவில்லை. அந்த 'டங்' சத்தத்துக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டே பின்னால் போனேன். ஆறு கடலில் சேருமிடம்வரை அது வரவேயில்லை. மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தெரேஸ் வலது கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லடி," என்றாள். அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சுண்டல் விற்கிறவர் எங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பினோம். காரைக்காலிலிருந்து பூவம் வடக்கே சுமார் எட்டு கிலோமீட்டர். தரங்கம்பாடி போகிற சாலை. நெடுக வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் போகும்போது சைக்கிள் புஸ்புஸ்ஸென்று சிரித்தது. பூவத்தில் இடதுபுறம் திரும்பினால் வாய்க்கால் கரை. சாலை முடிந்து சோதனை தொடங்குகிற இடம் அது. மாட்டு வண்டித் தடம் இரண்டும் மழையில் குழைந்து, வெயிலில் காய்ந்து இரும்பாகியிருந்தது. வாடகை சைக்கிளில் என் பற்கள் கிடுகிடுத்தன. பாதி வழியில் நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன்.

தெரேஸ் இறங்கவில்லை. ஓரிடத்தில் கரை உடைந்து அடைத்த மண்மேடு இருந்தது. அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்தாள்.

"இங்கதான் விழுந்தேன்" என்று திரும்பாமலே கத்தினாள். முன் சக்கரம் மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் சரேலென இறங்கியது. கவை முழங்காலை மடக்குவதுபோல மடங்கி நிமிர்ந்தது. அவள் போய்க்கொண்டேயிருந்தாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் தலைமையாசிரியர் மணியடிக்கக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல், மெலிந்த உருவம். பிள்ளைகள் பாதிப்பேர்தான் வந்திருந்தார்கள்.

"என்ன டீச்சர், இன்னும் மணியே அடிக்கலையே! பஸ்ஸு சீக்கிரம் வந்துட்டுதா?"

"பஸ்ஸுல வரல, சார்."

அவர் சைக்கிளைப் பார்த்தார். பின்னால் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்த என்னைப் பார்த்தார். மறுபடி சைக்கிளைப் பார்த்தார்.

"கை?"

தெரேஸ் உள்ளே போய், கரும்பலகையில் தேதியையும் கிழமையையும் பெரிய பெரிய எழுத்தாக, கோணாமல் எழுதிவிட்டு வந்தாள். "டவுன் ஸ்கூலுக்கு வேற யாரையாச்சும் போடச் சொல்லிடுங்க, சார். நான் இங்கதான்."

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க நல்லதுக்குத்தான் பேசினேன், டீச்சர். பேசிட்டு வந்த நாள்லேருந்து எனக்குச் சோறு எறங்கல" என்றார். அப்புறம் மணியை அவர் அடித்த அடியில் வேப்பமரத்துக் காக்கை அத்தனையும் பறந்தது.

மத்தியான இடைவேளையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் அந்தச் சைக்கிளில் ஏறினார். வாய்க்கால் கரையில் மதகுவரை போய்த் திரும்பினார். பள்ளிக்கூடமே பின்னால் ஓடியது. "குதிரை மாதிரி இருக்கு, டீச்சர்! குதிரை மாதிரி இருக்கு!" என்று அவர் கூவியது வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை, தெரேஸ் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, நான் தரங்கம்பாடி வழியாக மாயவரம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் திருச்சியில் சாலைகள் இதைவிட எவ்வளவோ மேல். மழை பெய்த சுவடே அங்கே இருக்காது. ஆனால் திருச்சியில் ஒரு சாலையைக் கடந்ததற்காக யாரும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒன்றரை அங்குலத்துக்காக ஒரு பெண் கடற்கரையில் நின்று அழுதாள் என்று எங்கள் கல்லூரியில் சொன்னால் நம்புவார்களா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

பூவத்துக்குச் சற்று முன்னால் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. டிரைவர் ஆட்டுக்குட்டியை நடத்துவதுபோலப் பஸ்ஸை நடத்தினார். நாங்கள் எல்லோரும் இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தோம். அப்போது பஸ்ஸின் இடதுபக்கத்தில், மண் ஓரமாக, நீலமாக ஏதோ ஒன்று எங்களைக் கடந்து போனது.

"யாருய்யா அது? பள்ளம் எதுவும் பாக்காம போவுது!" என்றார் டிரைவர்.

"நம்ம பள்ளிக்கூடத்து டீச்சரு" என்றார் கண்டக்டர். "தெனம் நம்ம வண்டிக்குத்தான் நிப்பாங்க."

நான் ஜன்னலில் தலையை நீட்டி, "தெரேஸ்!" என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். எதிரே பெரிய குழி. ஹேண்டில்பாரை இடது கையில் மட்டும் பிடித்துக்கொண்டு, வலது கையை உயரத் தூக்கி ஆட்டியபடியே அதில் இறங்கி ஏறி, வாய்க்கால் கரைப் பக்கம் திரும்பிவிட்டாள்.